அறுநூறு அடிக்குக் கீழே

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வகுப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி முட்டி வலியில் வந்து நின்றது. நாற்பதை நெருங்கியவர்களுக்கு வேறு என்ன பேச்சு இருக்கப்போகிறது? பாயசம் பரிமாறும்போது யாரோ ஒருத்தி, "சின்னப் புள்ளைல நாம எதுக்குமே பயந்ததில்லைல்ல?" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். அது பொய். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பொய் நெஞ்சில் கரித்துக்கொண்டே இருந்தது. அதனால் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு தீபாவளி சீசனில் நான் தரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நடக்கும்போது பாதத்தை அழுத்தி வைக்கப் பயம். பாயில் படுத்தால் முதுகில் சூடு ஏறுகிறதோ என்று பயம். குழாயடியில் குடத்தை யாராவது தொப்பென்று வைத்தால் ஓடிப்போய்த் திண்ணையில் ஏறிக்கொள்வேன். ஒரு நாள் பிரேயரில் எல்லோரும் அட்டென்ஷனில் காலைத் தட்டியபோது நான் மட்டும் தட்டவில்லை. பி.டி. சார் என்னை மட்டும் பத்து முறை தட்ட வைத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. நம் ஊரில் மளிகைக் கடை வாசலில் ஒற்றை ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்பு போன் ஒன்று இருந்தது. அது மணியடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். புதுப்பட்டிப் பக்கத்து ஊர்களில் அப்போது பருத்திக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். என் அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். அவர் சட்டையைத் துவைக்கும்போது தெருவில் போகிறவர்களும் தும்முவார்கள். அம்மா கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தாள். பக்கத்து வீட்டு அத்தையும் அதே ஷெட்டில் அதே வேலைதான். அத்தை மகள் நம் வகுப்பு, என் பெஞ்சு. இதை அவளும் வாசிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் பெண்களின் முகமெல்லாம் வெள்ளிப் பவுடராக இருக்கும். அலுமினியப் பொடி அது. அம்மா அந்தத் துணியோடு அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டாள். குளித்து மாற்றிய பிறகுதான் அடுப்புப் பக்கம் வருவாள். அதுவரை அடுப்பு என் பொறுப்பு. இன்னொரு வழக்கமும் எங்கள் வீடுகளில் உண்டு. கம்பெனிக்குப் போகிறவர்கள் முன்னால் நெருப்பைப் பற்றிப் பேசக் கூடாது. எங்காவது விபத்து நடந்தாலும் விபத்து என்று சொல்ல மாட்டார்கள். "அச்சங்குளம் பக்கம் சத்தம் கேட்டுச்சாம்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சோற்றைப் பிசைந்தபடி இருந்த கை மட்டும் ஒரு நொடி நிற்கும்.

என் பயம் சமூக அறிவியல் டீச்சரிடமிருந்து தொடங்கியது. விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாரே, அவர்தான். அன்று புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமல், "பூமிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"தண்ணி" என்றோம்.

"தண்ணிக்குக் கீழ?"

"கல்லு."

"கல்லுக்கும் கீழ போயிக்கிட்டே இருந்தா?"

"அங்க கல்லே உருகிக் கெடக்கும். பாறைக் குழம்பு. அடுப்புல கொதிக்கிற கூழு மாதிரி, ஆனா தொட்டா இரும்பும் உருகிரும்" என்றார். பிறகு கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, நடுவில் துளை போட்டு, மேலே பூத்துச் சிதறுகிற மாதிரி சாக்பீஸைத் தட்டினார். எங்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. அச்சு அசல் புஸ்வாணம்.

"இந்தக் குழம்பு மேல வந்து கொட்டுச்சுன்னா காத்துப் பட்டுச் சட்டுனு ஆறிரும். அவசரமா ஆறுறதால படிக மணி சேர நேரம் இருக்காது. நைசா, கருப்பா இருக்கும். மேல வர வழியில்லாம உள்ளேயே சிக்கிக்கிச்சுன்னா ரொம்ப மெதுவா ஆறும். அப்ப பெரிய பெரிய மணியாச் சேரும், மினுமினுங்கும். பாகக் காய்ச்சி உடனே உருட்டுனா கமர்கட்டு. அதே பாகுல நூலக் கட்டித் தொங்க விட்டு மெதுவா ஆற விட்டா கற்கண்டு. பாகு ஒண்ணுதான், ஆறுற விதம்தான் வேற."

மேலே ஆறியது வெளிப்புறத் தீப்பாறை, உள்ளே ஆறியது ஊடுருவிய தீப்பாறை என்று எழுதிப் போட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், அம்புட்டு நெருப்ப உள்ள வச்சிருக்கே, பூமிக்கு லைசென்ஸ் யாரு குடுத்தது?" என்று கேட்டான். இப்போது கமிஷன் கடை வைத்துத் தொப்பையும் வைத்திருப்பவன்தான் அவன். டீச்சரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி ஷெட் வாசலில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நெருப்பை மண் அணைக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். மண்ணுக்கு அடியிலேயே நெருப்பு இருந்தால் எதை அள்ளிப் போட்டு அணைப்பது? கையைத் தூக்கிக் கேட்கலாம் என்று நினைத்தேன். மணி அடித்துவிட்டது. "மீதி நாளைக்கு" என்று டீச்சர் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவருக்கு அம்மை போட்டுவிட்டது என்றார்கள். மூன்று வாரம் வரவில்லை. அந்த மூன்று வாரமும் பாதிப் பாடத்தோடு நான் கிடந்தேன்.

பாடம் உண்மையா என்று சோதித்தும் பார்த்தேன். கம்பெனிக்காரர்கள் சரக்கைக் கொளுத்திப் பார்க்கிற பொட்டல் ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நானும் அத்தை மகளும் போய் எரிந்து தீர்ந்த மண்சட்டிப் புஸ்வாணங்களைப் பொறுக்கினோம். சுற்றிலும் தரையில் கடுகு மாதிரி கறுப்பு மணிகள் சிதறிக் கிடந்தன. பறந்து விழுந்து ஆறியவை. சட்டியைக் கல்லால் உடைத்தால் உள்ளே ஒரு கட்டி அடை மாதிரி ஒட்டியிருந்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தோம். அதில் ஏதோ மினுங்கியது, அல்லது மினுங்குவதாக நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

"டீச்சர் சொன்னது நெசந்தாண்டி" என்றாள் அத்தை மகள். அவளுக்கு அது அதோடு முடிந்தது. அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இலந்தைப் பழம் பறிக்கப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பொட்டலும், ஓடையும், பள்ளிக்கூடமும், அம்மா உட்கார்ந்திருக்கிற ஷெட்டும் எல்லாம் ஒரு பெரிய சட்டியின் மூடி மேல் இருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியில் தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போட ஆரம்பித்தார்கள். வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில் போர் வண்டி வந்து நின்றது. அதன் இரைச்சல் பள்ளிக்கூடம் வரை கேட்கும். முதல் நாள் செம்மண் வந்தது. இரண்டாம் நாள் சாம்பல் நிறத்தில் புழுதி கிளம்பி, தென்னை உயரத்துக்குப் புகை மாதிரி நின்றது. நம் ஊரில் புகை மாதிரி எதைப் பார்த்தாலும் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். அன்றும் ஓடி வந்தார்கள். போர்ப் புழுதி என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு மஞ்சள் பை நிறைய அந்தக் கல்தூளை அள்ளிக்கொண்டு வந்தாள். "பாத்திரம் வெளக்க நல்லாருக்கும். சும்மாதான கொட்டிக் கெடக்கு" என்றாள். தூளுக்குள் விரல் நக அளவுக்குச் சில்லுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கழுவினேன். வெள்ளையும் ரோஸும் கறுப்புமாக மணிமணியாக, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. கற்கண்டு மாதிரி மினுங்கியது. சில்லைக் கீழே வைத்துவிட்டேன். பெரிய மணி என்றால் ஆழத்தில் ஆறியது. அதாவது போர்க்காரர்கள் அந்தக் குழம்பு இருக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"எம்புட்டு ஆழம் போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"அறுநூறு அடி போயிட்டாக. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்லு சூடா வருதாம், போர்க்காரன் கையில எடுத்துட்டு உதறுறான். மொதலாளி விடலையே. நாளைக்கு இன்னொரு நூறு அடி போடச் சொல்லிட்டாக" என்றாள் அம்மா, குண்டானைத் தேய்த்தபடி.

கல் சூடாக வருகிறது. துளைக்கிற கம்பி உரசினால் எந்தக் கல்லும் சூடாகத்தான் வரும் என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. நாளைக்கு நூறு அடி. நாளைக்குக் கம்பி அந்தக் குழம்பைத் தொடும், ஓட்டை வழியே அது பீறிட்டு வரும், வேலிக்கு இந்தப் பக்கம் மருந்துக் குவியலுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பாள். எனக்கு இதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

"அம்மா, நாளைக்கு வேலைக்குப் போகாத."

"ஏன்?"

"பூமிக்குள்ள நெருப்பு..."

அவ்வளவுதான் சொன்னேன். கையிலிருந்த குண்டானை அப்படியே வைத்துவிட்டு அம்மா என் வாயில் அடித்தாள். கல்தூள் ஈரமாக உதட்டில் ஒட்டியது. "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுப் பேசுற? போகப் போறவ முன்னால பேசுற பேச்சா இது?" என்றாள். அம்மா கை ஓங்குகிறவள் இல்லை. அதனால் அந்த அடியில் நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லித் தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் சேலை ஞாபகம் வந்தது. கம்பெனிக்குள் பருத்திதான் கட்ட வேண்டும். நைலான், பூனம் மாதிரி செயற்கை நூல் சேலை எல்லாம் உடம்பில் உரசினால் பொறி தட்டும், மருந்துக்கு அந்தப் பொறி போதும். கேட்டில் வாட்ச்மேன் பார்த்துத்தான் உள்ளே விடுவார். போன தீபாவளி போனஸோடு கம்பெனி எல்லாப் பெண்களுக்கும் ஒரே நீலத்தில், ஒரே வெள்ளைக் கரையில் பருத்திச் சேலை கொடுத்திருந்தது. அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஆடியோடு கிழிந்துவிட்டது. மிஞ்சியது இந்த நீலம் ஒன்றுதான். தினமும் சாயங்காலம் அலசி, எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பொதுவாகக் கட்டியிருந்த கொடியில் போடுவாள், காலையில் எடுத்துக் கட்டுவாள். சேலை இல்லையென்றால் எப்படிப் போவாள்? இருட்டுப் பிரியும் முன் எழுந்து, கொடியில் கிடந்த இரண்டு நீலச் சேலைகளில் எங்கள் வீட்டுப் பக்கம் கிடந்த எங்களுடையதை உருவி, விறகடுக்குக்குப் பின்னால் திணித்தேன். திரும்பி வந்து படுத்தபோது எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. கொடி காலியாக இருப்பதைப் பார்த்த அம்மா வீட்டைச் சுற்றி வந்தாள், வேலிப் பக்கம் பார்த்தாள், பிறகு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள். அத்தை நீலச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். அம்மா அத்தையை எப்போதும் மதினி என்றுதான் கூப்பிடுவாள். அன்று கூப்பிடவில்லை.

"கொடியில கெடந்த எஞ்சேலை எங்க?"

"என்னையக் கேட்டா? நான் எஞ்சேலையத்தான் எடுத்தேன்."

"ரெண்டும் ஒரே நீலம். நீ கட்டியிருக்கிறது உன்னுதுதான்னு என்ன நிச்சயம்?"

"ஏன், உன்னுதுல பேரு பொறிச்சிருக்கா? எம்புள்ள மேல சத்தியமா நான் தொடல மதினி."

"களவாண்டவ சத்தியம் எதுக்காகும்?"

தெரு கூடிவிட்டது. அத்தை மகள் பாதி பின்னிய சடையோடு, ரிப்பனை வாயில் கவ்வியபடி வாசலில் நின்றாள். அவள் தலைமேல் கைவைத்து அத்தை சத்தியம் செய்தாள். நான் எங்கள் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சண்டை நீண்டால் வேன் போய்விடும், வேன் போனால் இரண்டு பேருமே பிழைப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். அத்தையைக் களவாணி என்று தெரு நம்புகிறதே என்பது என் கணக்கில் வரவில்லை.

தெருமுக்கில் வேன் ஹாரன் அடித்தது. சண்டை அந்த நொடியே அறுந்தது. சீசன் நேரத்தில் ஒரு நாள் நின்றால் அந்த இடத்தில் மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். அம்மா உள்ளே ஓடி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் வீடு முழுக்க அடித்தது. மாமா கல்யாணத்துக்கு எடுத்த பூனம் சேலை, மாம்பழக் கலரில் பெரிய பெரிய பூப்போட்டது. அதை உதறியபோது சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இப்போதும் ஜவுளிக் கடையில் கேட்டால் நான் வெளியே வந்துவிடுவேன்.

"அம்மா, அது பூனம்மா! கேட்டுல விடமாட்டாக!"

"எனக்குத் தெரியாதா? கேட்டுல பேசிக்கிறேன். ஒலைய எறக்கி வச்சுட்டுப் பள்ளிக்கூடம் போ."

விறகடுக்குப் பக்கம் ஓடினேன். சேலையை இழுத்துக்கொண்டு தெருமுக்குக்கு வருவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. கையில் நீலச் சேலையோடு நடுத்தெருவில் நின்றேன். யாரும் பார்ப்பதற்குள் அதை மறுபடி கொண்டுபோய் அதே இடத்தில் திணித்தேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பள்ளிக்கூடத்தில் யார் என்ன பாடம் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். தூரத்தில் போர் வண்டி இரைந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் தரைக்குக் கீழே இருந்த பயம் இப்போது அம்மாவின் உடம்பைச் சுற்றிக் கிடந்தது. அதைச் சுற்றிவிட்டவள் நான். அம்மா குனிவாள், முந்தானை உரசும். அம்மா எழுவாள், கொசுவம் உரசும். கேட்டில் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். அத்தை மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் எங்களுக்கு நடுவே பையை வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் கேட்டது. உங்களுக்கும் நினைவிருக்கும். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, கூரையிலிருந்து தூசி கொட்டியது, எழுதிக்கொண்டிருந்த சார் அப்படியே நின்றார். நம் பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் கத்துவதில்லை. முதலில் எல்லோரும் எழுந்து வராண்டாவுக்கு வந்து எந்தப் பக்கம் புகை வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா எந்தத் திசை என்று தெரியும். நான் எழவில்லை. என்னால் முடியவில்லை. பாவாடை நனைந்துவிட்டது. சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. அத்தை மகள் வராண்டாவுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொகை இல்ல. கல் குவாரி வேட்டாம், நேரங்கெட்ட நேரத்துல வச்சிட்டாங்களாம், பெரிய சார் சொல்றாக" என்றாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். நடுவில் வைத்திருந்த தன் பையை எடுத்து என் மடியில் வைத்து மறைத்தாள்.

சாயங்காலம் வேன் வரும் வரை தெருமுக்கிலேயே நின்றேன். பெண்கள் ஒவ்வொருவராக வெள்ளி முகத்தோடு இறங்கினார்கள். நாலு, ஐந்து, ஆறு. அத்தை இறங்கினாள். கடைசியாக அம்மா இறங்கினாள். மாம்பழச் சேலை ஈரமாக உடம்போடு ஒட்டி, இடுப்பிலிருந்து கரை வரை சாம்பல் நிறப் பொடி அப்பிக் கிடந்தது. என்னைப் பார்த்து, "அடுப்பப் பத்த வச்சியா?" என்றாள். அவ்வளவுதான். கொல்லைக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

அத்தை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. உங்கம்மாவ வாட்ச்மேன் உள்ள விடல. எங்களுக்கு வேல சொல்ற போர்மேன் வந்து பாத்தாரு. இன்னைக்கு லோடு ஏறணும், ஆளு கம்மி, நாலு வாளித் தண்ணிய ஊத்திக்கிட்டுப் போயி உக்காருன்னுட்டாரு. நாள் முச்சூடும் ஈரச் சேலையோட உக்காந்திருந்தா. காயக் காயத் தண்ணி ஊத்துனா."

ஈரம் பொறியை அடக்கும் என்று போர்மேன் நினைத்திருக்கிறார். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அதுவாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதை நான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அந்த ஷெட்டில் சேலையும் ஆபத்து, அதற்குச் செய்த வைத்தியமும் ஆபத்து. தெரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஷெட்டுக்கு மூணு வாசலு. ரெண்ட அடைச்சுச் சரக்கு அடுக்கியிருக்கும், தெறந்து கெடக்கிறது ஒண்ணுதான். அந்த வாசல் ஓரத்து எடத்துக்கு நாங்க நாலு பேரும் தெனமும் அடிச்சுக்கிடுவோம். வேன்ல மொதல்ல ஏறுனாத்தான் மொதல்ல எறங்க முடியும், மொதல்ல எறங்குனாத்தான் அந்த எடம் கெடைக்கும். உங்கம்மா அதுல கெட்டிக்காரி, ஒரு நாளும் விட்டதில்ல. இன்னைக்கு என் கையப் புடிச்சு அந்த எடத்துல உக்கார வச்சுட்டு, அவ உள்மூலைக்குப் போயிட்டா. எதுக்கு மதினின்னு கேட்டேன். 'பத்துனா எஞ்சேலைலதான் பத்தும். நீங்க மூணு பேரும் ஓடிருங்க'ன்னா. காலைல என்னையக் களவாணின்னவ சொல்றா. எனக்கு நாள் முச்சூடும் கை ஓடல."

அம்மா தினமும் வேனுக்கு இடித்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் சீட்டுக்காக என்று நினைத்திருந்தேன்.

அழுதுகொண்டே போய் விறகடுக்குக்குப் பின்னால் இருந்து சேலையை எடுத்து வந்தேன். கரையான் மண்ணும் சிராயுமாக இருந்தது. குளித்துவிட்டு வந்த அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. ஈரத் தலையோடு என் கையைப் பிடித்து அத்தை வீட்டுக்கு இழுத்துப் போனாள். அத்தை மகள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, எம்மகதான் ஒளிச்சு வச்சிருந்திருக்கா. தெருவுல வச்சு உன்னைய அம்புட்டுப் பேசிட்டேன். நாளைக்கு அதே தெருவுல வச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

"அடி பாவி, எதுக்குட்டி ஒளிச்ச?" என்று அத்தை கேட்டாள்.

வழக்கம் எல்லாம் உடைந்துவிட்டது. புஸ்வாணம், பாறைக் குழம்பு, கற்கண்டு மணி, அறுநூறு அடி, சூடான கல், எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. போர் வண்டி அன்று மதியமே எழுநூறு அடியில் கையை விரித்துவிட்டுப் போய்விட்டதாம். தண்ணீரும் இல்லை, நெருப்பும் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் அத்தை, "அந்த நெருப்பு எம்புட்டு ஆழத்துலட்டி இருக்கு?" என்றாள்.

"தெரியல அத்தை. டீச்சர் மீதியச் சொல்லல."

"அறுநூறு அடிக்குக் கீழ இருக்கிறதுக்கா பயந்த? எம்மடிக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லட்டி" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. "தெனமும் பயந்துகிட்டுத்தான் போறோம். உனக்குத் தெரிய வேணாம்னு இருந்தேன்" என்று என் தலையைத் தடவினாள். பெரியவர்களுக்குப் பயம் கிடையாது என்று நான் நம்பியிருந்த காலம் அந்த அடுப்படியில் முடிந்தது.

டீச்சர் முகத்தில் தழும்போடு திரும்பி வந்து மீதிப் பாடத்தைச் சொன்னார். உருகிய குழம்பு நம் காலுக்குப் பல கிலோமீட்டர் கீழே இருக்கிறது, எந்தப் போரும் அதைத் தொடாது. நம் பக்கத்துப் பாறைகள் ஆழத்தில் ஆறிப் பல கோடி வருடம் ஆகிவிட்டன, மேலே இருந்த மண் கரைந்து கரைந்துதான் அவை வெளியே வந்தன. அம்மா குண்டான் தேய்த்தது உலகத்திலேயே நன்றாக ஆறிய கல்லை வைத்து. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். பாறைப் பயம் போய்விட்டது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அதற்கு முன்பு, அந்தச் சேலைச் சம்பவத்துக்கு மறுநாள் காலையில் நடந்தது. அம்மா சொன்னபடியே தெருவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, களவாண்டது என் மகள் என்றாள். பிறகு அம்மாவும் அத்தையும் ஒரே நீலத்தில், ஒரே வெள்ளைக் கரையில், போர்மேனை வைது சிரித்தபடி தெருமுக்குக்கு நடந்தார்கள். நானும் அத்தை மகளும் பின்னால் போனோம். வேனின் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. இருவரும் தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், வேனை நோக்கி ஓடினார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி, அம்மா முதலில் ஏறட்டும் என்று வேண்டினேன். அம்மா முதலில் ஏறினால் அத்தை உள்ளே உட்கார வேண்டும், பற்றினால் அத்தையால் ஓட முடியாது என்பது எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அத்தை மகளும் கண்ணை இறுக்க மூடி, உதடு அசைய நின்றுகொண்டிருந்தாள். அந்த சீசன் முழுவதும் தினமும் காலையில் நாங்கள் இருவரும் அப்படியே கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். அவள் என்ன வேண்டினாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் என்னைக் கேட்டதில்லை.